போக்குவரவுக்குக் கணிதம் கண்ட எர்லாங்

விரைவுப் பெருஞ்சாலை ஒன்றை அகலப்படுத்தவோ, இரு பெருஞ்சாலைகள் கூடுமிடத்தைத் திருத்தியமைக்கவோ ஓர் அரசினர் கருதுவாராயின், இக்காலத்தில் மண்வெட்டி தொடுவதற்கு முன்னர்ப் பொறியியலார் கணிப்பொறியின் முன் அமர்கின்றனர். எந்த நேரத்தில் எத்தனை ஊர்திகள் வந்து சேரும், அவற்றிற்கு எத்தனை தடங்கள் வேண்டும், சுங்கச்சாவடியில் எத்தனை வாயில்கள் திறந்திருத்தல் வேண்டும், வரிசை எவ்வளவு தூரம் நீளும் என்பவற்றையெல்லாம் சாலையின் கணித மாதிரி ஒன்றை அக்கணிப்பொறியினுள் ஓடவிட்டுக் கண்டறிகின்றனர். தவறிக் கட்டிய பாலத்தை இடித்துக் கட்டுவது கோடிக்கணக்கான பணத்தை விழுங்கும். மாதிரியில் தவறினால் எண்ணை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிடலாம். இம்மாதிரிகளுக்குள் இயங்கும் கணக்குகளுள் இன்றியமையாத ஒன்றன் ஊற்றைத் தேடிச் செல்வோமாயின், நாம் எந்தச் சாலைக்கும் போய்ச் சேருவதில்லை. டென்மார்க்கு தேசத்தின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இருந்த ஒரு டெலிபோன் கம்பெனியின் அலுவலகத்திற்கே போய்ச் சேருகின்றோம். அங்கே 1909-ஆம் ஆண்டில், முப்பத்தொரு வயதினரான ஒரு கணித ஆசிரியர், ஆசிரியத் தொழிலை விட்டு வந்து ஓராண்டே ஆன நிலையில், ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டார். அவர் சாலை அமைத்தவரல்லர். கணிப்பொறி என்னும் கருவியைக் கண்ணாற் கண்டவருமல்லர்.

அவர் பெயர் அக்னர் கிராரூப் எர்லாங். டெலிபோன் துறையில் பயின்றோர்க்கு இப்பெயர் ஓர் அளவையின் பெயராகப் பழகியிருக்கும். மின்சாரத்திற்கு வோல்ட்டும் ஆம்பியரும் அமைந்தாற் போல, கம்பிகளின் வழியே செல்லும் பேச்சின் போக்குவரவுக்கு எர்லாங் என்பதே அளவை. வோல்ட்டா, ஆம்பியர் ஆகியோரின் சரித்திரங்களை நம் மாணவர் பாடநூல்களிற் சிறிதேனும் படித்திருப்பர். எர்லாங் என்பார் எவ்வூரினர், எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அக்குறையை ஒருவாறு நீக்குதற்கே இதனை எழுதப் புகுந்தோம்.

ஜட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் லோன்போர்க் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1878-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாள் எர்லாங் பிறந்தார். தந்தையார் ஹான்ஸ் நீல்சன் எர்லாங் அவ்வூர்ப் பாடசாலையின் ஆசிரியர். அத்துடன் ஊர்க்கோயிலின் எழுத்தராகவும் பணியாற்றி வந்தவர். தாயார் மகதலேனா கிராரூப், குருமார் பலரைத் தந்த குடும்பத்திற் பிறந்தவர். அத்தாய்வழி முன்னோருள் ஒருவர் தாமஸ் பிங்கே என்னும் பழைய கணித அறிஞர். கோணகணிதத்தில் இன்று நாம் வழங்கும் டான்ஜென்ட், சீக்கண்ட் என்னும் பெயர்களை 1583-ஆம் ஆண்டில் முதலில் இட்டு வழங்கியவர் அவரே. முந்நூறு ஆண்டு இடைவெளியைத் தாண்டிக் கணிதம் குருதியில் ஓடி வந்ததென்று கொள்வது அழகாயிருக்கலாம். ஆனால், கிராமத்துப் பள்ளி ஆசிரியர் வீட்டிற் புத்தகங்களுக்கு இருந்த மதிப்பே இதற்குப் போதிய காரணம் என்பது எம் கருத்து.

எர்லாங்குக்கு இரண்டு ஆண்டு மூத்த தமையனார் ஒருவரும், இளைய சகோதரிகள் இருவரும் இருந்தனர். மாலைப் பொழுதுகளில் தமையனார் மேசையின் ஒரு புறத்தில் அமர்ந்து புத்தகம் படிக்க, தம்பி எதிர்ப்புறத்தில் அமர்ந்து அதே புத்தகத்தைத் தலைகீழாகப் படித்து வந்தார் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுகின்றனர். ஒரு புத்தகத்தை இருவர் பங்கிட்டுப் படிக்கும் வழக்கம் நம் மாணவர் விடுதிகளுக்கும் புதியதன்று. ஆயினும் தலைகீழாகப் படித்தே பழகியவரை நாம் இன்னும் கண்டதில்லை. அவ்விளம்பருவத்தில் எர்லாங்கின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது வானநூல். விண்மீன்களைப் பற்றி அவர் செய்யுள் இயற்றியதும் உண்டு.

பள்ளிக் கல்வியைத் தந்தையாரிடமே கற்றார். பதினான்கு வயதிற் கோபன்ஹேகனுக்குச் சென்று சர்வகலாசாலையின் முதனிலைத் தேர்வில் அமர்ந்தார். அத்தேர்வுக்குரிய வயது அவருக்கு இன்னும் நிரம்பாமையால் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. தேறியதோ சிறப்பு நிலையில். உடனே மேற்படிப்புக்குச் செல்ல இயலவில்லை. ஊருக்குத் திரும்பித் தந்தையாரின் பாடசாலையிலேயே இரண்டாண்டுகள் உதவி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர், 1896-ஆம் ஆண்டில், உதவிச் சம்பளம் பெற்றுக் கோபன்ஹேகன் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். கணிதத்தை முதற்பாடமாகவும், வானநூல், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றைத் துணைப்பாடங்களாகவும் கொண்டு 1901-ஆம் ஆண்டில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் அங்கே கணிதம் கற்பித்தவர்களுள் சூத்தன், யூவெல் ஆகிய இருவரும் வடிவகணிதத்திற் பெயர் பெற்றவர்கள். எர்லாங்குக்கும் வடிவகணிதத்தின்பால் வாழ்நாள் முழுவதும் பற்று நீங்கவில்லை.

பட்டம் பெற்றபின் ஏழு ஆண்டுகள் பல பள்ளிகளில் ஆசிரியராயிருந்தார். இயல்பிற் கூச்சமுடையவர், பலர் கூடிய இடத்திற் பேச விரும்பாதவர், ஆயினும் நல்லாசிரியர் என்று பெயர் பெற்றார். கற்பித்தலோடு ஆராய்ச்சியையும் விடவில்லை. ஹைகன்ஸ் என்னும் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் நுண்கணக்குகளைத் தீர்த்த முறையைப் பற்றிச் சர்வகலாசாலை ஒரு பரிசுப் பொருள் அறிவித்திருந்தது. அதற்கு எர்லாங் எழுதிய கட்டுரை 1904-ஆம் ஆண்டிற் பாராட்டுப் பெற்றது. விடுமுறைகளில் அயல்நாடுகளுக்குச் சென்று ஓவியச் சாலைகளையும் நூல் நிலையங்களையும் கண்டு வருவார். இங்ஙனம் ஓய்ந்த ஒரு வாழ்க்கை அப்படியே சென்றிருக்குமாயின், டென்மார்க்கின் பள்ளிகளில் நினைவில் நின்ற ஓர் ஆசிரியராக அவர் முடிந்திருப்பார்.

டென்மார்க்கில் கணித அறிஞர்களின் சங்கம் ஒன்று இருந்தது. எர்லாங் அதன் கூட்டங்களுக்குத் தவறாது செல்வார். அங்கே அவருக்கு யோஹான் யென்சன் என்பாரின் பழக்கம் கிடைத்தது. யென்சன் பெரிய கணித மேதை. குவிவுச் சார்புகளைப் பற்றி அவர் 1906-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமனிலி இன்றும் அவர் பெயராலேயே கல்லூரிகளிற் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் அவர் எந்தச் சர்வகலாசாலையிலும் பேராசிரியராக இருந்தவரல்லர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமைப் பொறியியலார். பகலிற் கம்பியும் கருவியும், இரவிற் கணிதமுமாக வாழ்ந்தவர். அவர் எர்லாங்கைத் தம் கம்பெனியின் மேலாளராகிய யோஹான்சன் என்பாரிடம் அழைத்துச் சென்றார். டெலிபோன் நிலையத்தில் எழும் சில இடர்ப்பாடுகளுக்கு நிகழ்தகவுக் கணிதம் விடை கூறக்கூடும் என்று யோஹான்சன் முன்னரே எண்ணி வந்தவர். 1908-ஆம் ஆண்டில் எர்லாங் பள்ளியை விட்டுக் கம்பெனியில் அமர்ந்தார்.

வானத்தை நோக்கிப் பாடியவர் வணிகக் கம்பெனிக்கு ஊழியஞ் செய்யப் போனதை இழப்பென்று சிலர் கருதலாம். அக்காலத்து நண்பர்களுள்ளும் அவ்வாறு கருதினோர் இருந்திருக்கக்கூடும். அவர் முன் அங்கே வைக்கப்பட்ட வினா எத்தகையது என்பதைக் கண்டபின் அங்ஙனம் கருதுவது அரிது.

அந்நாளில் டெலிபோன் நிலையத்திற் பெண்கள் இணைப்புப் பலகையின் முன் வரிசையாக அமர்ந்து, அழைப்பு வந்தவுடன் கையால் கம்பியைச் செருகி இருவரை இணைப்பர். ஓர் ஊரில் ஆயிரம் பேரிடம் டெலிபோன் இருப்பதாகக் கொள்வோம். ஆயிரவரும் ஒரே நொடியிற் பேச விரும்பினால் அதற்கேற்பக் கம்பிகளும் பணியாட்களும் வைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. வைத்தாலும் அவை நாளெல்லாம் வாளா கிடக்கும். மிகக் குறைவாக வைத்தாலோ, பேச விரும்புவோர் கம்பி கிடைக்காமல் மனம் வெறுப்பர். எத்தனை கம்பிகள் போதும்? எத்தனை பேர் அமர்ந்தாற் போதும்? யார் எப்பொழுது அழைப்பார் என்பது யார்க்கும் தெரியாது. நோயுற்றவன் வைத்தியரை அழைக்கும் கணமும், வியாபாரி விலை கேட்கும் கணமும் ஒன்றையொன்று கலந்து தீர்மானிக்கப்படுவனவல்ல. தெரியாததன் மேல் எவ்வாறு திட்டமிடுவது? அதுவரையில் அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் மதிப்பையே கம்பெனிகள் நம்பியிருந்தன.

எர்லாங் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை நிகழ்தகவையும் டெலிபோன் உரையாடல்களையும் பற்றியது. ஒவ்வோர் அழைப்பும் பிறவற்றைச் சாராமல் தற்செயலாக எழுமாயின், குறித்த ஒரு கால அளவிற் பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை அழைப்புகள் வரும் என்பதன் நிகழ்தகவுகள் பாய்சான் என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயரால் வழங்கும் விதிக்கு இணங்கி நிற்கும் என்பதை அவர் அதிற் காட்டினார். தனியொருவர் அழைப்பு நேரத்தை யாரும் முன்னறிய முடியாது. ஆயினும் ஆயிரவர் அழைப்புகள் சேர்ந்த கூட்டத்திற்கு ஒரு சட்டம் உண்டு. ஒழுங்கின்மையின் ஒழுங்கு என்று இதனை நாம் சொல்லலாம். அழைப்புகளின் சராசரி ஒன்றே தெரிந்தால், நெருக்கடி எத்துணை அடிக்கடி நேரும் என்பது கணக்கில் அகப்பட்டுவிடும்.

அடுத்த பெரிய கட்டுரை 1917-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கையால் இணைக்கும் நிலையங்களுக்குப் பதிலாகத் தாமே இயங்கும் நிலையங்கள் தோன்றிய காலம் அது. எர்லாங்கின் புகழுக்கு நிலைக்களனாகிய இரு வாய்பாடுகளும் அக்கட்டுரையில் உள்ளன. ஒன்று, கம்பி கிடைக்காத அழைப்பு உடனே தொலைந்து போகும் அமைப்புக்கு உரியது. மற்றொன்று, கிடைக்கும்வரை அழைப்பு வரிசையிற் காத்து நிற்கும் அமைப்புக்கு உரியது. முன்னதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு மணி நேரத்திற் சராசரியாக 30 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 2 நிமிஷம் நீடிக்கின்றது. மொத்தப் பேச்சு 60 நிமிஷம். அதாவது ஒரு கம்பி ஓயாமற் பேசிக்கொண்டிருப்பதற்குச் சமம். இவ்வளவு போக்குவரவையே ஓர் எர்லாங் என்பர். கணக்குத் தெரியாதவர், ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு கம்பி போதுமே என்பார். அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து வருமாயின் அது மெய்யாகும். தற்செயலாக வருவதால், ஒரு கம்பி மட்டும் இருந்தால் இரண்டில் ஓர் அழைப்பு தொலைந்து போகின்றது. இரண்டு கம்பிகள் இருந்தால் 5-இல் ஒன்று. மூன்று இருந்தால் 16-இல் ஒன்று. நான்கு இருந்தால் 65-இல் ஒன்று. ஐந்து இருந்தால் 326-இல் ஒன்று. முதலிற் சேர்த்த கம்பி பெரும்பயன் தந்தது. பின்னர்ச் சேர்த்தவை சிறிது சிறிதாகவே குறையைக் குறைத்தன. எத்தனை சேர்த்தாலும் குறை முற்றும் ஒழிவதில்லை.

இவ்வாய்பாட்டிலிருந்து வெளிப்படும் மற்றோர் உண்மை இன்னும் வியப்புடையது. நூற்றுக்கு ஓர் அழைப்புக்கு மேல் தொலையலாகாது என்று வைத்துக்கொண்டால், ஓர் எர்லாங் போக்குவரவுள்ள ஊருக்கு 5 கம்பிகள் வேண்டும். அத்தகைய பத்து ஊர்களுக்குத் தனித்தனியே வைத்தால் 50 கம்பிகள். பத்து ஊர்ப் போக்குவரவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தொகுதியாக ஆண்டால் 18 கம்பிகளே போதும். ஓரூரில் நெருக்கடி நேரும்போது வேறோர் ஊரில் ஓய்விருக்கும் என்பதே இதன் காரணம். முப்பத்திரண்டு கம்பிகளுக்காகும் செம்பையும் கூலியையும் ஒரு தாளிற் போட்ட கணக்கு மிச்சப்படுத்திவிட்டது. கம்பெனிக்கு ஊழியஞ் செய்யப் போன கணிதர் என்ன கொடுத்தார் என்று கேட்போர்க்கு இதுவே விடை.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. நூற்றில் ஒன்று தொலையலாமா, ஆயிரத்தில் ஒன்று தொலையலாமா என்பதை வாய்பாடு கூறுவதில்லை. எவ்வளவு செலவிட்டால் எத்தனை பேர் திருப்பியனுப்பப்படுவர் என்பதை மட்டும் அது நேர்மையாகச் சொல்லி நின்றுவிடும்; எத்தனை பேரைத் திருப்பியனுப்பலாம் என்பதை மனிதர் தாமே தீர்மானித்து, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். எர்லாங்குக்கு முன் அத்தீர்மானம் மேற்பார்வையாளரின் மனத்துக்குள் ஒருவரும் காணாமல் நடந்தது. அவருக்குப் பின் அதனை எண்ணாக எழுதி வெளியில் வைத்தே தீர வேண்டியதாயிற்று.

கம்பெனியில் அவர் கணக்கு மட்டும் போட்டுக்கொண்டிருந்தவரல்லர். அங்கே அமைக்கப்பட்ட ஒரு சிறிய பௌதிக ஆய்வுச் சாலைக்கு அவரே தலைவர். தொடக்கத்தில் அவருக்கு உதவியாளர் இலர். நிலத்தடிக் கேபிள்களின் ஈய உறைகளிற் புகுந்து அவற்றை அரிக்கும் புறமின்சாரத்தை அளப்பதற்காகக் கோபன்ஹேகன் வீதிகளில் அவரே நடந்து செல்வார்; பின்னால் ஒரு வேலையாள் ஏணியைச் சுமந்து வருவான். சாக்கடை மூடி போன்றதொரு மூடியைத் திறந்து, ஏணியை இறக்கி, சர்வகலாசாலைப் பட்டதாரி குழிக்குள் இறங்குவார். அந்நகர மக்களுக்கு அது பழகிய காட்சியாயிற்று. மாறுமின்சாரத்தை அளக்கும் கருவி ஒன்றையும் அவர் திருத்தி அமைத்தார். நாலிலக்க லாகரிதம் அட்டவணைகளை வெளியிட்டதும் உண்டு.

எழுத்தில் அவர் மிகச் சுருக்கமானவர். நிரூபணங்களைச் சிலவிடத்து விட்டுவிட்டு முடிபை மட்டும் எழுதிவிடுவார். ஆதலின் அத்துறையிற் பழகாதவர்க்கு அவர் கட்டுரைகள் எளியவாயிருப்பதில்லை. இது ஒரு குறையே என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் வாய்பாடுகளின் பயன் எல்லை கடந்து சென்றது. பிரிட்டிஷ் தபால் இலாகா தன் டெலிபோன் கணக்குகளுக்கு அவற்றை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவிற் பெல் ஆய்வுச் சாலையைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளர், எர்லாங்கின் கட்டுரைகளை மூலத்திலேயே படிக்க வேண்டுமென்று டேனிஷ் மொழியைக் கற்றுக்கொண்டார் என்பர். சிறிய மொழி ஒன்றில் எழுதியதனால் ஆராய்ச்சி மறைந்துபோகும் என்று அஞ்சுவோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

அவர் மணம் புரியவில்லை. கணிதம், வானநூல், பௌதிகம் ஆகிய துறைகளில் நூல்களை வாங்கிச் சேர்ப்பதே அவருடைய பெருஞ்செலவு. அந்நூல்களைக் கேட்டவர்க்குத் தாராளமாகக் கொடுத்து உதவுவார். ஏழைகள் அவர் வீட்டைத் தேடியும் அலுவலகத்தைத் தேடியும் வருவதுண்டு. வந்தவர்க்கு, பிறர் அறியாதபடி, கொடுத்தனுப்புவார். அவருடைய சகோதரியொருவர் மனநோயுற்ற பெண்களுக்கென ஓர் இல்லம் நடத்தி வந்தார்; அதற்கும் அவர் உதவி சென்றது. பேச்சு குறைவு, சொல்லும் சொல்லில் மெல்லிய நகைச்சுவை இருக்கும். தம்மைப்பற்றி வாய் திறவாத இயல்பினால், உடன் பணியாற்றியோர் அவருக்குத் தனிமனிதர் என்று அன்போடு ஒரு பட்டப்பெயரும் இட்டிருந்தனர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கம்பெனியில் இருந்தார். நோயென்று ஒரு நாளும் விடுப்பெடுத்ததில்லை. 1929-ஆம் ஆண்டு ஜனவரியில் வயிற்றிற் சத்திர சிகிச்சைக்காக வைத்தியசாலை சென்றவர், பிப்ரவரி 3-ஆம் நாள் அங்கேயே காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 51. 1946-ஆம் ஆண்டிற் பல தேசத்து டெலிபோன் துறையினரும் கூடிய ஆலோசனைக் குழு, போக்குவரவின் அளவைக்கு அவர் பெயரைச் சூட்டியது.

இனி, கம்பியிலிருந்து சாலைக்கு வருவோம். எர்லாங் காலமானபின் ஏழாண்டுக்குள், 1936-ஆம் ஆண்டில், ஆடம்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலார், சாலையில் ஓரிடத்தைக் கடந்து செல்லும் ஊர்திகளை எண்ணிப் பார்த்து, நெரிசலில்லாத சாலையில் அவையும் டெலிபோன் அழைப்புகளைப் போலவே தற்செயல் விதிக்கு இணங்கி வருகின்றன என்று காட்டினார். நியூயார்க்குத் துறைமுக அதிகார சபையில் லெஸ்லி ஈடி என்பார், லிங்கன் சுரங்கச் சாலையிலும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்திலும் இருந்த சுங்கச்சாவடிகளை ஆராய்ந்து 1954-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த நேரத்துக்கு எத்தனை வாயில்கள் திறக்க வேண்டும் என்பதை எர்லாங் வழிவந்த வரிசைக் கணிதத்தால் அவர் வகுத்தார். சுங்கம் வாங்குவோர் ஓய்வெடுக்கும் நேரங்களும் அக்கணக்கில் அடங்கின.

சாவடியின் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு வாயில் ஓர் ஊர்தியை அனுப்பச் சராசரியாக 12 விநாடி எடுக்குமாயின், மணிக்கு 300 ஊர்திகள் வரை அதனால் அனுப்ப முடியும். ஊர்திகள் தற்செயலாக வந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஒழுங்கின்றி மாறுமாயின், மணிக்கு 150 வரும்போது வாயிலருகே சராசரி ஓர் ஊர்தியே நிற்கும். 240 வரும்போது 4; 270 வரும்போது 9; 285 வரும்போது 19. கடைசியில் மணிக்குப் பதினைந்தே ஊர்திகள் கூடின, வரிசையோ இரட்டித்தது. சாவடிகளில் நேற்று வரையில் இல்லாத நெரிசல் இன்று எங்கிருந்து வந்தது என்று வியப்போர்க்கு இவ்வெண்களே விளக்கம். சாலையின் கொள்ளளவு நிரம்புவதற்கு முன்னரே துன்பம் தொடங்கிவிடுகின்றது. ஆகவே திருத்த வேலையும் அதற்கு முன்னரே திட்டமிடப்பட வேண்டும். சங்கமங்களில் ஒரு தடத்து ஊர்திகள் மறு தடத்தின் இடைவெளி பார்த்து நுழைவதைக் கணிப்பொறி மாதிரியாக்கும்போதும், ஊர்திகளுக்கிடையே உள்ள இடைவெளியைக் குறிக்க எர்லாங் பெயரால் வழங்கும் பரவல் பயன்படுகின்றது.

ஆனால் சாலை முற்றிலும் டெலிபோன் கம்பியன்று. அழைப்பு தன் வழியைத் தானே தெரிந்துகொள்வதில்லை. ஊர்தி ஓட்டுபவர் தெரிந்துகொள்கிறார். ஒரு வழியில் நெரிசலென்றால் மற்றொரு வழியை நாடுவார். 1952-ஆம் ஆண்டில் வார்ட்ராப் என்னும் ஆங்கிலக் கணிதர் இதற்கொரு நியதி கண்டார். ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியையே நாடுவதால், முடிவில் வழி மாறுவதனால் ஒருவருக்கும் இலாபமில்லாத ஒரு சமநிலை உண்டாகும் என்பது அது. நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, எவ்வட்டாரத்திலிருந்து எவ்வட்டாரத்துக்கு எத்தனை பயணம் என்று மதிப்பிட்டு, அப்பயணங்களைச் சாலைகளின் மேல் அச்சமநிலை வரும்வரை திரும்பத் திரும்பப் பகிர்ந்து பார்ப்பதே பெருஞ்சாலை மாதிரிகளின் முக்கிய வேலை. மனிதக் கையால் முடியாத இவ்வேலைக்கே கணிப்பொறி வேண்டியதாயிற்று. 1968-ஆம் ஆண்டில் பிராயஸ் என்னும் ஜெர்மானியர், ஒரு புதிய சாலையைச் சேர்ப்பதனால் எல்லோருடைய பயணமும் முன்னினும் நீளக்கூடிய அமைப்புகளும் உண்டென்று காட்டியது இக்கணக்கின் வழியேதான்.

வேறொரு வேற்றுமை இதனினும் பெரியது. எர்லாங்கின் வாய்பாட்டில் வந்து சேரும் போக்குவரவின் அளவு முன்னரே அளந்து கொடுக்கப்பட்ட எண். கம்பிகளைக் கூட்டினால் அவ்வெண் மாறுவதாக அவர் கொள்ளவில்லை; ஓராண்டுத் திட்டமிடும் டெலிபோன் நிலையத்துக்கு அது பொருந்தியது. பெருஞ்சாலைக்கோ அது பொருந்தவில்லை. லண்டன் மாநகரைச் சுற்றி 117 மைல் நீளமுள்ள எம் 25 என்னும் விரைவுப் பெருஞ்சாலை 1986-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 88,000 ஊர்திகளுக்கென்று அமைக்கப்பட்ட அச்சாலையில், 1993-ஆம் ஆண்டளவில் 2,00,000 ஊர்திகள் சென்றன. சாலை நன்றாயிருந்ததனாலேயே புதிய பயணங்கள் பிறந்தன. தொலைவில் வீடு கொண்டு நகரில் வேலை பார்ப்பது எளிதாயிற்று. வேறு வழியிற் சென்றோரும் இதனை நாடினர். 1994-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசின் தலைமைச் சாலை மதிப்பீட்டு ஆலோசனைக் குழு, புதிய சாலைகள் புதிய போக்குவரவை உண்டாக்குகின்றன என்றும், அதனைக் கணக்கிற் கொள்ளாத மாதிரிகள் சில திட்டங்களின் நன்மையை மிகைப்படுத்தக்கூடும் என்றும் அறிக்கை செய்தது.

அதன்பின் அந்நாட்டு மாதிரிகளில், சாலை திருந்தினாற் பயணம் எவ்வளவு கூடும் என்னும் கேள்வியும் சேர்க்கப்பட்டது. வந்து சேரும் போக்குவரவின் எண் இப்பொழுது கொடுக்கப்பட்டதாக நில்லாமல், விடையோடு சேர்ந்து தானும் மாறுகின்றது. ஊர்திகள் ஓரிடத்தில் வந்து கூடியபின் எத்தனை நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்னும் பகுதி மட்டும், கோபன்ஹேகன் வீதியில் ஏணியோடு நடந்தவர் வகுத்த வரிசைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு நடந்து வருகின்றது.